இசக்கியின் வண்டியை மண் பாதைக்கு ஏற்றிப் போனது

மே மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தரை மணிக்குத் தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து கிளம்பினோம். ஒரு சின்ன டெம்போ. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மோட்டார் சைக்கிள். அதைப் பிடித்தபடி என் தம்பி மகள் இசக்கி. முன்னால் டிரைவர் சுடலையும் நானும். போக வேண்டிய இடம் பன்வேல் தாண்டி, சௌக் என்ற ஊருக்கும் அப்பால். அறுபத்தைந்து கிலோமீட்டர் என்றார்கள். டெம்போவுக்குப் போக வர மூவாயிரத்து ஐந்நூறு பேசியிருந்தோம். காத்திருக்கும் நேரமும் அதற்குள்ளேயே அடக்கம்.

எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டோகிராஸ் என்று ஒரு பந்தயம் இருக்கிறது. தார் ரோட்டில் ஓட்டுவது இல்லை. மண்ணைக் குவித்து மேடும் பள்ளமுமாகப் பாதை போட்டிருப்பார்கள். அதில் வண்டியோடு மேலே எழும்பி, கீழே இறங்கி, வளைந்து ஓட்ட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இது தெரியாது. இசக்கி போனில் காட்டித்தான் பார்த்தேன். பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவளுக்கு இப்போது பதினாறு வயது. எங்கள் சந்து முனையில் ஒரு கேரேஜ் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் வண்டி கழுவுவாள். கூலியாக அவர்கள் கொடுத்ததுதான் இந்த வண்டி. யாரோ விபத்தில் நெளித்துப் போட்டுவிட்டுப் போன பழைய நூறு சிசி. விளக்கு, மட்கார்டு, பின் சீட்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, பல்லுப் பல்லாக இருக்கும் டயரை மாட்டி, இரண்டு வருஷமாக அதை உருவாக்கினாள். ஓட்டிப் பழகியது மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய குப்பை மேட்டில். போலீஸ் விசில் கேட்டால் ஓட்டம்தான். லைசென்ஸ் வாங்கும் வயது இல்லையே. இந்த மண் பாதை தனியார் இடம் என்பதால், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வந்தால் விடுவார்களாம்.

தம்பி சைக்கிளில் இட்லி விற்கிறவன். சனி, ஞாயிறு வியாபாரத்தை விட முடியாது. அதனால் நான் போனேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தோல் பை தைப்பது வேலை. கடைக்காரரிடமே இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன். இருந்தாலும் அன்றைக்கு என்னிடம்தான் ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தான்.

"ஏட்டி, அங்க உள்ளவன் ஒன்னியப் பாத்துட்டு, இந்தப் புள்ளைக்கு வரும்னு ஒரு வார்த்த சொல்லட்டும். ஒங்கம்ம காதுல கெடக்கத வச்சாவது மேக்கொண்டு ஓட்ட வைக்கேன். வராதுன்னுட்டான்னா, வண்டிய வித்துட்டுப் படிக்கணும். என்னா?" என்றான்.

"சரிப்பா" என்றாள் அவள்.

"அக்கா, நீ கேட்டுட்டு வந்து உள்ளத உள்ளபடி சொல்லு" என்றான் என்னிடம்.

காலை ஆறு மணிக்குச் செம்பூர். அங்கே ஒரு காலனியில் நிறுத்தினோம். மார்பையும் முதுகையும் மூடுகிற பிளாஸ்டிக் கவசம் ஒன்றை ஒரு வீட்டில் விற்பதாக இசக்கி போனில் பார்த்து வைத்திருந்தாள். புதிது ஆறாயிரமாம். இவர்கள் ஆயிரத்து இருநூறுக்குக் கொடுத்தார்கள். கதவைத் திறந்த மாமி குளித்து முடித்து நெற்றிக்கு இட்டிருந்தார்.

"எம் பையன் ரெண்டே தடவைதான் போட்டுண்டான். அப்புறம் பிடிக்கலைன்னுட்டான். இப்போ கிதார் கத்துக்கறான். அதுக்கும் எட்டாயிரம் ஆச்சு" என்றார். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பையன் கீழே நிக்கறானா? அழைச்சுண்டு வாங்கோ, அளவு பாத்துடலாம்."

"நான்தான் ஓட்டுதேன் ஆன்ட்டி" என்றாள் இசக்கி.

மாமி வாயில் கை வைத்துக்கொண்டார். நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். "ஜாக்கிரதையா ஓட்டும்மா" என்றார்.

மான்குர்ட் தாண்டி வாஷி பாலத்தில் ஏறும்போது நன்றாக விடிந்துவிட்டது. கீழே கடல் கழி சேறாகக் கிடந்தது. சுடலைக்குப் பேச்சுத் துணை வேண்டும்.

"பெரியம்மா, நான் பீரோ ஏத்தியிருக்கேன், பிரிட்ஜு ஏத்தியிருக்கேன், பக்ரீதுக்கு ஆடு ஏத்தியிருக்கேன். பந்தயத்துக்குப் பொம்பளப் புள்ளய ஏத்துனது இதான் மொதத் தடவ."

"ரோட்டப் பாத்து ஓட்டு தம்பி" என்றேன்.

பின்னாலிருந்து இசக்கி கேபினைத் தட்டினாள். "சுடலண்ணே, பள்ளத்துல மெதுவா! வண்டி அடிபடுதுல்லா?"

"அங்க போயி மேட்டுல இருந்து குதிக்கப் போற. இங்க ஒரு பள்ளத்துக்கு அழுத. நல்லாருக்குட்டி ஒன் நியாயம்!"

எட்டேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மலை அடிவாரம். மரமே இல்லாத பெரிய வெளி. சிவப்பு மண்ணை ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு தண்ணீர் லாரி பாதையை நனைத்துக்கொண்டே போனது. பெரிய கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு காருக்கும் பின்னால் ஒரு துணிப் பந்தல், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி. எட்டு வயதுப் பிள்ளைகள் கூட ஓட்ட வந்திருந்தன. அவற்றின் வண்டிகள் பொம்மை மாதிரி, ஆனால் புத்தம் புதியவை. அப்பாமார்கள் குனிந்து பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டெம்போ நிழலில் ஒண்டிக்கொண்டேன். அங்கே சேலை கட்டியிருந்தது நான் ஒருத்திதான்.

சொந்த வண்டி கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய். கட்டினோம். பிறகு பாதுகாப்புச் சாமான்களைப் பார்வையிட்டார்கள். பார்த்தவர்தான் அங்கே பயிற்சியும் கொடுக்கிறவர். முப்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம். எல்லாரும் சார் என்றார்கள். ஹெல்மெட்டைப் பார்த்தார், சரி. செம்பூர் கவசம், சரி. முழங்கால் மூடி, சரி. பிறகு பூட்ஸைக் கையில் எடுத்தார்.

அந்த பூட்ஸ் நான் தைத்தது. கடையில் பதினெட்டாயிரம் என்றார்கள். அது முடியாது என்பதால், முழங்கால் வரை வருகிற மாதிரி எருமைத் தோலில் நானே தைத்தேன். அடிப்பாகம் டயர் ரப்பர். பிள்ளையின் காலை உறுத்தக் கூடாது என்று, தோலை எண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சு மாதிரி பதமாக்கியிருந்தேன். என் கையில் வந்த சாமான்களில் அதைவிட நல்லதாக ஒன்று அமைந்ததில்லை.

அவர் பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்துக் கணுக்கால் இடத்தில் மடக்கினார். துணி மாதிரி மடங்கியது. பக்கவாட்டில் முறுக்கினார். அப்படியே திருகிக்கொண்டது. உள்ளே போய் வேறொரு பூட்ஸ் எடுத்து வந்து என்னிடம் நீட்டி, மடக்கிப் பாருங்கள் என்றார். என்னால் அசைக்கக்கூட முடியவில்லை. உள்ளே பிளாஸ்டிக்கும் இரும்பும் வைத்தது. தரையில் விட்டால் வாளி மாதிரி அதுவாக நின்றது. நான் தைத்தது பக்கத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டது. வண்டி காலின் மேல் விழும்போது கால் மடங்காமல் இருக்கத்தான் அங்கே பூட்ஸ். இதமாக இருப்பதற்கு இல்லை. நாற்பது வருஷம் தோலில் வேலை செய்கிறேன். மெதுவாக்குவது எப்படி என்றுதான் யோசித்தேனே தவிர, இதை யோசிக்கவில்லை.

"தைத்தது ரொம்ப அழகாக இருக்கிறது ஆன்ட்டி. ஆனால் இதோடு விட முடியாது" என்றார் இந்தியில்.

வாடகைக்கு பூட்ஸ் இருந்தது, ஐந்நூறு ரூபாய். ஆனால் இருந்ததில் சிறியதே எட்டாம் நம்பர். இசக்கிக்கு ஐந்து. போட்டுக்கொண்டு நடந்தாள். உள்ளே கால் லொடக் லொடக் என்று ஆடியது. அவர் தலையை ஆட்டினார். "கியர் எங்கே இருக்கிறதென்றே காலுக்குத் தெரியாதே" என்றார்.

இசக்கி என்னைப் பார்த்தாள். அழவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

என் பையில் கத்தரியும் ஊசி நூலும் எப்போதும் இருக்கும். நான் தைத்த பூட்ஸை எடுத்து, கால் பகுதியை நீளவாக்கில் வெட்டினேன். அடியில் இரண்டு மடிப்பு, குதிகாலுக்கு ஒரு பட்டை, விரல் பக்கம் சுருட்டி வைக்க ஒரு துண்டு. எல்லாம் சேர்த்துத் தைத்து, வாடகை பூட்ஸுக்குள் செருகினேன். சுடலை குனிந்து பார்த்தான்.

"ஏ பெரியம்மா, நல்ல சாமானப் போயி இப்படி நறுக்கிட்டியே."

"நல்ல சாமான்னா உள்ள விட்டிருப்பாவல்லா" என்றேன்.

இசக்கி போட்டுக்கொண்டு குதித்துக் காட்டினாள். கால் ஆடவில்லை. அவர் சிரித்துவிட்டார். ஐந்து சுற்று, பெரிய மேட்டில் ஏறக் கூடாது என்று சொல்லிப் பாதைக்குள் விட்டார்.

பத்தரை மணி வெயிலில் அவள் போனாள். முதல் சுற்று மெதுவாக. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். இரண்டாம் சுற்றில் வளைவில் ஒரு காலை முன்னால் நீட்டி, வண்டியை ஏறக்குறைய படுக்க வைத்துத் திரும்பினாள். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்றார். மூன்றாம் சுற்றில் அதே வளைவில் இரண்டு பையன்களைத் தாண்டினாள். பக்கத்தில் நின்ற பயிற்சிக்காரர் கையைக் கட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. பயம் மட்டும் இல்லை.

நாலாம் சுற்றில் ஒரு சின்ன மேட்டில் எழும்பி இறங்கினாள். முன் சக்கரம் தரையைத் தொட்டதும் டக் என்று ஒரு சத்தம். முன் சக்கரத்தைத் தாங்குகிற குழாய்கள் இரண்டும் உள்ளே நெளிந்து, எண்ணெய் பீய்ச்சியது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மஞ்சள் கொடி ஆட்டினார்கள். நான் ஓடுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். இடது கையுறை கிழிந்து, உள்ளங்கை தேய்ந்து ரத்தம். அதைப் பார்க்காமல் வண்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, லட்கி மே தம் ஹை. பைக் மே நஹி ஹை" என்றார் அவர். பெண்ணிடம் தெம்பு இருக்கிறது, வண்டியில்தான் இல்லை என்று. நாற்பது வருஷ பம்பாயில் இந்தி எனக்கு நன்றாகவே புரியும், பேசத்தான் கூச்சம். சிலருக்கு இரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தாலும் வராதது இவளுக்குத் தானாகவே வருகிறது என்றார். ஆனால் இந்த வண்டியை இனி இங்கே கொண்டு வரக் கூடாது, ஒரு நாள் ஆளைக் கொன்றுவிடும் என்றார். மாதம் இரண்டு தடவை இங்கே வந்து இங்குள்ள வண்டியில் பழகட்டும், காலம் கடத்தாதீர்கள், மற்றவர்கள் எட்டு வயதிலேயே தொடங்கிவிட்டார்கள் என்றார்.

எவ்வளவு ஆகும் என்று, "கித்னா?" என்றேன். அன்றைக்கு அவரிடம் நான் பேசிய இந்தி அது ஒன்றுதான்.

வண்டி வாடகை, பூட்ஸ், பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு ஆறாயிரம். பந்தயம் என்று இறங்கினால் சொந்த வண்டி வேண்டும். பழையதே ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. அவர் நல்ல மனிதர். குறைத்துச் சொல்ல முடியவில்லையே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

ஒரு மணிக்குத் திரும்பினோம். உடைந்த வண்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவையில்லை, படுக்கப் போட்டுவிட்டோம். மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். பன்வேலில் சுடலை வடாபாவ் வாங்கிக் கொடுத்தான். இசக்கி கையில் வைத்துக்கொண்டே வந்தாள். பேலாப்பூர் தாண்டும்போது கேட்டாள்.

"அத்தே, அம்ம கம்மல் எத்தன கிராம் இருக்கும்?"

"நாலு இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்ட்டி."

என்ன கணக்குப் போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். அந்தக் கம்மலை வைத்தால் மூன்று மாதம் ஓட்டலாம். நாலாவது மாதம் வைப்பதற்கு வீட்டில் ஒன்றும் கிடையாது.

வீடு வந்து சேர மணி நாலாகிவிட்டது. தம்பி வாசலில் உட்கார்ந்து மறுநாள் மாவுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கை ஈரத்தோடு எழுந்தான்.

"என்னட்டி சொன்னாவ?"

"எனக்கு வராதாம்ப்பா" என்றாள் இசக்கி. "ரொம்பப் பயப்படுதேனாம். வேற எதாவது பாக்கச் சொல்லிட்டாவ."

அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை. தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். "வராதுன்னுட்டாவ."

தம்பி மூச்சு விட்டான். அந்த முகம் அப்படி லேசானதை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. "போட்டும் விடு. இதெல்லாம் பணக்காரப் பயலுவ வெளையாட்டு. கை என்னட்டி இப்படித் தேஞ்சு கெடக்கு? வா, இங்க உக்காரு" என்று அவள் கையைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக் கழுவினான். பானி பூரி வாங்கிக்கொள்ள நூறு ரூபாய் கொடுத்தான். மகளிடம் அவன் அவ்வளவு பிரியமாகப் பேசியது அன்றைக்குத்தான். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

வண்டியை அடுத்த வாரம் கேரேஜ்காரரே இரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் கேட்டால், போவதற்கு வழி சுலபம்தான். பன்வேல் வரை ரயில் இருக்கிறது, அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ. காலுக்கு ஏற்ற பூட்ஸ் இருக்கிறதா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் ஓட்டுகிற வண்டியைக் கொண்டு போகாதீர்கள். வராது என்று சொல்லிவிட்டால் பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று நான் டெம்போவில் போகும்போதே யோசித்து வைத்திருந்தேன். வரும் என்று சொன்னால் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இசக்கி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கேரேஜ் இருக்கிற சந்து முனை வழியாகப் போனால் பஸ் ஸ்டாப் பக்கம். அவள் தொண்ணூறடி ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.