சாதிர்பெக் வீட்டு வடக்குச் சுவர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்தச் சுவரில் காதை வைத்தவள் நான். பனி கொட்டும் நரின் ஊரில் இன்றும் அந்த வீடு நிற்கிறது.

சாதிர்பெக் ஒரு கொத்தனார். ஊரில் பாதி வீடுகளைக் கட்டியவர். மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் வீடு கட்டிக் கொடுத்தவர். அவர் இறந்த பிறகு, மனைவி உல்கான் அக்கா அவர் பெயரில் ஓர் உதவித்தொகை ஏற்படுத்தினார். வருஷத்துக்கு ஒரு கல்லூரிப் பிள்ளைக்கு. யாருக்கு என்பதை அக்காவே நேரில் பார்த்து முடிவு செய்வார். அவர் வீட்டு மாடி அறையில்.

அது கிடைக்காவிட்டால் என் படிப்பு அன்றோடு சரி. மலைக்குத் திரும்பி ஆடு மேய்க்க வேண்டியதுதான்.

ஜனவரி மாதம். பிற்பகல் மூன்று மணி.

"நீதான் ஜிபாரா? எலும்பும் தோலுமா இருக்கியேடி! நீ ஆட்ட மேய்ச்சியா, ஆடு உன்ன மேய்ஞ்சுதா? உக்காரு. சூடா ரொட்டி பொரிச்சு எடுத்துட்டு வரேன்."

அக்கா சிரித்துக்கொண்டே கீழே போனார். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

டொக்.

வடக்குச் சுவர். ஜன்னல் இல்லாத மொட்டைச் சுவர்.

டொக்... டொக்...

குளிரில் குழாய் ஏதாவது சத்தம் போடுகிறதோ என்று நினைத்தேன். ஆனால் சத்தம் இடம் மாறியது. முழங்கால் உயரத்தில் கேட்டது, தலை உயரத்துக்கு ஏறியது.

எழுந்து போய்க் காதை வைத்தேன்.

மூச்சு. யாரோ மூச்சிரைக்கிற சத்தம்.

"யாரது?"

தட்டல் நின்றது.

"ஜன்னல்... எங்கேம்மா?"

ஆண் குரல். வெளியே யாரோ வேலையாள் மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

"இந்தப் பக்கம் இல்லைங்க! கிழக்குப் பக்கம் வாங்க!"

சர்ர்ர்... சுவரை ஏதோ உரசிக்கொண்டே நகர்ந்தது. மூலை வரை வந்தது. திரும்பியது.

ஓடிப்போய்க் கிழக்கு ஜன்னலைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

ஏணி இல்லை. சாரம் இல்லை. கீழே பனித்தரையில் ஒரு காலடித் தடம் கூட இல்லை.

ஜன்னல் விளிம்புப் பனியில் மட்டும்... இரண்டு உள்ளங்கைகள். அழுந்தப் பதிந்து.

"ஏன்டி தொறந்த? குளிருது பாரு..."

தட்டோடு வந்த அக்காவிடம் அந்தக் கைத்தடங்களைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"பேசினாரா? எனக்குத் தட்டறது மட்டுந்தான் கேக்கும்."

ஒரு ரொட்டியை எடுத்து என் கையில் திணித்தார். உதவித்தொகை எனக்குக் கிடைத்தது.

படிப்பு முடிந்து நன்றி சொல்லப் போனபோதுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"வாடைக்காத்து வருதுன்னு வடக்கு ஜன்னல அவரே அடைச்சார். வெளிப்பூச்சு பூச சாரத்துல ஏறினார். சாரம் சரிஞ்சிடுச்சு. ஒரு கயித்தப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு சுவத்தத் தட்டியிருக்கார். நான் இதே அறையிலதான் இருந்தேன்."

"உங்களுக்குக் கேக்கலையா அக்கா?"

"கேட்டுதுடி. வேலை செய்யறார்னு நெனச்சேன். சத்தம் நின்ன பிறகுதான்... டீ ஆறுதுன்னு கூப்பிடப் போனேன்."