குழல்வாய்மொழி டீச்சரின் சீட்டுகள்

பாடத்தைத் தங்குதடையில்லாமல் ஒப்பித்துவிட்டால் பிள்ளை தேறியது என்று அர்த்தம். தென்காசியில் குழல்வாய்மொழி டீச்சர் ஏழு வருஷமாக ஒன்றாம் வகுப்பை அப்படித்தான் தேற்றிவிட்டுக்கொண்டிருந்தார். 1936இல் ஒருநாள் தங்கத்தாய் பசுப் பாடத்தைக் கணீரென்று வாசித்து முடித்தாள். அவள் கையில் புத்தகம் தலைகீழாக இருந்தது.

"ஏட்டி, புத்தகத்தைப் பாத்தா வாசிச்சே?"

"கண்ணை மூடிக்கிட்டுகூட வாசிப்பேன் டீச்சர்!"

அன்று சாயங்காலமே டீச்சர் பழைய காலண்டர் தாள்களை நறுக்கி, சீட்டுக்கு ஒரு வரி எழுதினார். 'கதவைச் சாத்து.' 'இரண்டு புளியங்கொட்டை எடுத்து வா.' வாய் திறக்கக் கூடாது. வாசித்து, அதன்படி செய்ய வேண்டும். மறுநாள் தங்கத்தாய் சீட்டை வாங்கிக்கொண்டு பசுப் பாடத்தையே ஒப்பித்தாள். தன் சீட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தியவள் ராபியா. வகுப்பில் ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு வருஷமாக அதே பலகையில் உட்கார்ந்திருந்தவள்.

"இந்தத் தடவையும் தேறலைன்னா அவ வாப்பா வீட்டோட நிப்பாட்டிருவாக டீச்சர்" என்று அவள் உம்மா ஹைருன் பீவி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இன்ஸ்பெக்டரும் வந்துவிடுவார். காலையில் அருவிக் குளியல், அப்புறம் பள்ளிக்கூடம். தேர்ச்சி போடுவது அவர்தான். அந்த வருஷமும் தலையில் எண்ணெய் மினுமினுக்க வந்து உட்கார்ந்தார்.

"பசுப் பாடத்தைச் சொல்லு."

ராபியா தரையைப் பார்த்தாள். அவர் பேனாவைத் திறந்தார்.

"ஐயா, இவளுக்கு வாசிக்கத் தெரியும். ஒரு சீட்டு கொடுத்துப் பாருங்க" என்றார் டீச்சர்.

"உங்க சீட்டையும் மனப்பாடம் பண்ண வச்சிருப்பீக."

"அப்ப நீங்களே எழுதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு வரி எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, சாரல் துளியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். ராபியா சீட்டை வாங்கினாள். உதடு மெல்ல அசைந்தது. நேராக மேசைக்குப் போய், கண்ணாடியை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தாள். வகுப்பே வாயைப் பிளந்தது.

'என் கண்ணாடியை டீச்சரிடம் கொடு' என்றுதான் சீட்டில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டை மூக்குக்கருகில் கொண்டுபோனார். எழுத்து தெரியவில்லை. கையை நீட்டினார்.

"கண்ணாடியைத் தாங்கம்மா."

டீச்சர் அதை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன போடப் போறீக ஐயா?"

"தேறிட்டான்னுதாம்மா. கொடுங்க!"

அப்புறம்தான் கொடுத்தார்.