இரண்டாம் எலும்பின் முளை

குற்றாலநாதர் மீது ஆணையாக, நான் படித்து வாங்கிய எல்.எம்.பி. டாக்டர் பட்டத்தின் மீது ஆணையாக, கீழே எழுதுவதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. பட்டத்தை மூன்றாம் தடவையில்தான் வாங்கினேன். ஆகவே குற்றாலநாதர் மீதுள்ள ஆணையை மட்டும் வாசகர்கள் கணக்கில் கொண்டால் போதும்.

1937, ஆடி மாதம். தென்காசியில் என் ஆஸ்பத்திரி ஒரே ஓர் அறை. வாசலில் தொங்கிய 'டாக்டர் தளவாய், சர்ஜன்' பலகை அந்த அறையைவிட அகலம். பிரேதப் பரிசோதனைக்குப் போலீசார் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆடி நாலாம் தேதி, ஆலங்குளத்து வற்றல் வியாபாரி பிச்சையா குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார். அருவிக்கரைப் பாறையில் உட்காரவைத்து அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர் சுடலைக்கண்ணு. அங்கே தேய்ப்பு முடிவில் கழுத்துக்குச் சொடுக்கு எடுப்பார்கள். ஒரு கை மோவாயில், ஒரு கை பிடரியில், ஒரே திருப்பு. 'சடக்' என்று சத்தம் வராவிட்டால் நம் ஆட்களுக்குத் தேய்த்தது தேய்த்ததாகவே ஆகாது. பிச்சையாவுக்கும் சத்தம் வந்தது. கூடவே உயிரும் போயிற்று.

"நான் எடுக்கலய்யா" என்று சுடலைக்கண்ணு போலீசில் சொன்னார். "கழுத்தத் தடவும்போதே உள்ள என்னமோ ஆடிச்சு. மாட்டேன்னுட்டேன். அவரே மோவாயப் பிடிச்சுத் திருப்பிக்கிட்டாரு."

தன் கழுத்தைத் தானே திருகிக்கொண்டு எவன் சாவான்? ஸ்டேஷனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கழுத்தின் இரண்டாம் எலும்பில் மேல்நோக்கி ஒரு முளை உண்டு. திரிகையின் அடிக்கல்லில் நிற்குமே, அதுபோல. அதைச் சுற்றித்தான் தலை இடமும் வலமும் திரும்புகிறது. பிச்சையாவுக்கு அந்த முளை எலும்போடு சேராமல் தனியே கிடந்தது. 'பிறர் முறுக்கியதால் ஒடிந்தது' என்று சர்டிபிகேட் எழுதினேன்.

பரிசோதித்து எழுதினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். அறுத்தது பிணக்கிடங்கு மாடக்கண்ணு. நான் மூக்கில் யூடிகோலன் வாசனைத் தண்ணீர் தெளித்த கைக்குட்டையோடு வாசலில் நின்றேன். செத்தவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எலும்பையும் முளையையும் ஸ்பிரிட் ஜாடியில் போட்டு மாடக்கண்ணு நீட்டினான். என் மேசையில் வைத்துக்கொண்டேன். கோர்ட்டில் நான் அதைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால், சுடலைக்கண்ணு ஜெயிலுக்குப் போவார்.

ஆடி 14, வியாழக்கிழமை. மறுநாள் சாட்சி. பிற்பகல் மூன்று இருபது. சாரலில் அறை மங்கிக் கிடந்தது. சுவரைப் பார்த்து நின்று, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று மூன்றாம் தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நாற்காலியில் ஒருவர்.

என் ஆஸ்பத்திரிக் கதவு தெருமுனைவரை கிறீச்சிடும். கிறீச்சிடவில்லை.

வெளியே மழை. அவர் வேட்டியில் ஈரமில்லை. ஆனால் நாற்காலிக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. டப்... டப்...

நல்லெண்ணெய் வாசனை.

கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, இறுக்கமாக.

"என்ன உடம்புக்கு?"

"கழுத்துதான். தொட்டுப் பாரும்."

'பாருங்க' என்று சொல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் துண்டை விலக்கி விரல் வைத்தேன். சில்லிட்டது. நாடி கிடைக்கவில்லை. எனக்கு நாடி கிடைக்காமல் போவது வழக்கம்தான். அதனால் பயப்படவில்லை.

"எத்தனை நாளா?"

"பொறந்ததுலேர்ந்து இருக்குவே. பத்து நாளாத்தான் தெரியுது."

தலை தோளில் சரிந்தது. இரண்டு கையாலும் எடுத்து நேராக வைத்துக்கொண்டார். தலைப்பாகையைச் சரிசெய்வதுபோல...

மூன்று இருபத்தைந்து. மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீரு?"

"ஒடிஞ்சதுன்னு. எழுதியாச்சு, மாத்த மாட்டேன். நான் சர்ஜன்!"

"பலகையப் பாத்தேன். ஒடிஞ்ச குச்சி எப்படியிருக்கும்வே?"

"நுனி... சிலும்பா இருக்கும்."

"சாடிக்குள்ள கையவிட்டுத் தொட்டுப் பாரும்."

"முடியாது."

"ஏம்? பயமா?"

"எனக்கா!"

மூடியைத் திறந்தேன். கையை உள்ளே விட்டேன்.

முளையை எடுத்தேன். ஒடிந்த இடத்தைத் தடவினேன்.

வழுவழுப்பு.

ஆற்றுக் கூழாங்கல் போல உருண்டு... சிலும்பே இல்லை.

ஒடியவே இல்லை. பிறவியிலேயே ஒட்டாத முளை.

"அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நாந்தான் வீம்புக்கு..."

சடக்!

நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி. அதன்மேல் சிவப்புக் கட்டத் துண்டு.

டப்...

மறுநாள் கூண்டில் ஏறிச் சொன்னேன். "என் சர்டிபிகேட் தப்பு. இது யாரும் ஒடித்த எலும்பில்லை. பிறவியிலேயே ஒட்டாத முளை, அவரே திருப்பியிருந்தாலும் உயிர் போயிருக்கும்."

அரசு வக்கீல் எகிறினார். "பத்து நாளாக ஒடிந்திருந்த எலும்பு இன்றைக்கு எப்படி ஐயா ஒடியாமல் போயிற்று?"

"தொட்டுப் பார்த்தேன்."

"அதுவரை?"

"தொடவில்லை."

கோர்ட்டே சிரித்தது. சிரிக்கட்டும். முளையை அவர் உள்ளங்கையில் வைத்து, "நீங்களும் தடவிப் பாருங்கள்" என்றேன். தடவினார். உட்கார்ந்துவிட்டார்.

சுடலைக்கண்ணு அன்று மாலையே வெளியே வந்தார். என்னைக் கும்பிடுவார் என்று வாசலில் கொஞ்சம் நிமிர்ந்தே நின்றிருந்தேன்.

"எங்கைக்குத் தெரிஞ்சது உங்க படிப்புக்குத் தெரியலியே, டாக்டரே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்.

இரண்டு நாள் கழித்து மாடக்கண்ணுவிடம் அந்தத் துண்டை நீட்டி, யாருடையது தெரியுமா என்று கேட்டேன். வாங்காமல் பின்னுக்குப் போனான்.

"இது என் துண்டுதாம்யா. அறுத்த கழுத்து நிக்கலன்னு நாந்தான் அவருக்குச் சுத்திவிட்டேன். இந்தா, ஓரத்துல எம்பொண்டாட்டி போட்ட தையல்."

"யாராவது அவுத்து எடுத்திருப்பாங்க."

"பொணத்தோட ஆலங்குளத்துக்கு வண்டியில போனதே நாந்தான். அஞ்சாந்தேதியே எரிச்சாச்சு. துண்டோடதான்."

எனக்கு விளக்கம் தெரியாது. நம்பாதவர் நம்ப வேண்டாம். துண்டு என் பீரோவில் இருக்கிறது. இன்றும் எண்ணெய் வாசனை போகவில்லை. தைரியமிருந்தால் வந்து முகர்ந்து பார்க்கலாம்.

அபூர்வமாகச் சிலருக்கு அந்த முளை ஒட்டாமலே இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி உண்டு. அதைப் பிறகுதான் படித்தேன். எங்கள் பரீட்சையில் ஆறு கேள்விகள் கேட்பார்கள், ஐந்துக்கு எழுதினால் போதும். நான் விட்ட கேள்வி, கழுத்தின் இரண்டாம் எலும்பு.