சைக்காலஜிக்குப் போகிற பெண்

எனக்கு வேதியியல் கிடைக்கவில்லை. விலங்கியலும் கிடைக்கவில்லை. மதுரையில் அந்தக் கல்லூரி அலுவலக ஜன்னலுக்குள் இருந்தவர் என் மதிப்பெண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, சைக்காலஜியில் இடம் கிடக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். சந்தை கலைகிற நேரத்தில் சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளிவிடுகிற குரல். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். பெயர் 'லஜி' என்று முடிவதால் அதுவும் ஸுவாலஜி மாதிரி ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம். எண்பதுகளின் பிற்பகுதியில் ராஜபாளையத்திலிருந்து ஒருத்தி மனதின் ஆழத்தை அறியக் கிளம்பிப் போன கதை இவ்வளவுதான்.

முதல் வருடம் முழுக்க எலியும் நாயும். மணியடித்தால் எச்சில் வடிக்கிற நாய், சந்து சந்தாக ஓடித் தீனியைக் கண்டுபிடிக்கிற எலி. விரிவுரையாளர் அம்மா சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். துறையின் ஆய்வகத்தில் எலி கிடையாது. விடுதிச் சமையலறையில் வேண்டிய மட்டும் இருந்தன, ஆனால் அவை பாடத்திட்டத்தில் வரவில்லை. மனுஷ மனசு எப்போது வரும் என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். அது பரீட்சைக்கு வராது, உட்கார் என்றார் அந்த அம்மா.

லீவுக்கு ஊருக்கு வந்தால் வேறு பரீட்சை. தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு, தன் மனசில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்வார். சீனியை வாங்கிக்கொண்டு இவள் எப்போது இடத்தைக் காலிபண்ணுவாள் என்று நினைக்கிறீர்கள் என்பேன். அவர் அசந்துபோய்ப் பக்கத்தில் நிற்பவரிடம், பிள்ளை படிச்ச படிப்பு வீண்போகலை என்பார். ஒரு நாயின் எச்சிலை மட்டுமே அறிந்த எனக்கு இப்படித்தான் தெருவில் பெயர் வந்தது.

பெயர் எனக்கு வந்தது, வினை அக்காவுக்கு வந்தது.

அக்காவுக்கு அப்போது இருபத்தாறு. அந்த வயதுக்கு எங்கள் சொந்தத்தில் மற்றவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார்கள். அப்பா நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். போல்ட்டும் நட்டும் பொருந்துகிற மாதிரி ஜாதகமும் பொருந்தினால் போதும் என்று நினைக்கிறவர். தரகர் ஒருவர் மஞ்சள் பையோடு வந்துபோய்க்கொண்டிருந்தார். செட்டியார்பட்டியில் ஒரு வரன் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பூ வைக்க நாள் குறிப்பதற்குப் பதிலாக அவர்களிடமிருந்து ஆள் வந்தது. அந்த ஆள் ரொம்பத் தன்மையாகப் பேசினார். "சின்னவளுக்கு நல்லபடியா குணமாகட்டும். பொறவு பேசிக்கிடுவோம்" என்றார்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தரகரைப் பிடித்து உலுக்கியதில் விஷயம் வெளியே வந்தது. அவர் போகிற வீட்டிலெல்லாம், "சின்னப் பிள்ளை மதுரைக்கு சைக்காலஜிக்குப் போகுது" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் டைப்புக்குப் போகிறாள் என்றால் படிக்கப் போகிறாள், தையலுக்குப் போகிறாள் என்றாலும் படிக்கப் போகிறாள். ஆனால் மதுரைக்குக் கண்ணுக்குப் போகிறார், மதுரைக்குச் சர்க்கரைக்குப் போகிறார் என்றால் வைத்தியம். ஒரு 'க்கு' தான். அந்தக் 'க்கு' என்னைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டது.

அப்பா அன்றைக்கே உத்தரவு போட்டார். இனி யார் கேட்டாலும் நான் ஹோம் சயின்ஸ் படிக்கிறேன். ஏன் ஹோம் சயின்ஸ் என்று கேட்டேன். அதில்தான் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். அதற்குப் பின் வந்த விருந்தாளிகள் எல்லாரும் ரவா கேசரியை எப்படிக் கட்டி தட்டாமல் கிண்டுவது என்று என்னிடம்தான் கேட்டார்கள். எனக்கு வெந்நீரே அடிப்பிடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். தகப்பனார் இல்லை, அம்மாவும் ஓர் அண்ணனும். அண்ணனுக்கு ஏன் இன்னும் ஆகவில்லை என்று அப்பா கேட்டதற்கு, "அவருக்கு பக்தி ஜாஸ்தி" என்றார் தரகர். ஆண்டாள் கோயில் இருக்கிற ஊர், யார் மறுத்துப் பேச முடியும்? பெண் பார்க்க வந்த அன்று அந்த வாத்தியார் அக்காவிடம், நீங்கள் ஏதாவது கேட்கணுமா என்று கேட்டார். அதுவரைக்கும் வந்து போன யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. நடக்கச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள்; பாட வராது என்றுவிடுவாள். அக்கா, உங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவீர்களா என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவர்கள் போன பிறகு அக்கா பஜ்ஜித் தட்டைக் கழுவிக்கொண்டே மெதுவாகப் பாடினாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இது நடக்க வேண்டும் என்று நான் மனசார வேண்டிக்கொண்டேன்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வருவது எங்களுக்குள் வழக்கம். அப்பா, அம்மா, நான் மூவரும் பஸ் ஏறிப் போனோம். தேரடிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், ஸ்டோருக்குச் சரக்கு வந்து இறங்கின மாதிரி எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துத் திருப்திப்பட்டார். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் காப்பி எடுத்துவரக் கூட வா என்று கூப்பிட்டு, அடுப்படியைத் தாண்டிக் கொல்லைக்கே அழைத்துப்போய்விட்டார்.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்து கீரையை உருவிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, சுத்தமான சவரம். என்னைப் பார்த்து, பஸ்ஸில் வந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். செத்த நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். பிறகு முருங்கை மரத்திடமும் கேட்டார். தரகர் சொன்ன பக்தி இதுதான் என்று எனக்கு விளங்கியது.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தாயி, ஒளிக்காமச் சொல்லு. மதுரையில எந்த டாக்டரு? உனக்கு எம்புட்டு நல்லா ஆயிருக்கு. என் மூத்தவனையும் அவியகிட்டக் கூட்டிட்டுப் போகணும்."

ஹோம் சயின்ஸ் என்று சொல்லத்தான் எனக்குக் கட்டளை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கேசரி பற்றிப் பேச முடியவில்லை. எனக்கு ஒன்றுமில்லை அத்தை, நான் வைத்தியத்துக்குப் போகவில்லை, படிக்கத்தான் போகிறேன் என்றேன். அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன்.

"அப்போ உங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். கையைத் தளரவிட்டுவிட்டார்.

அப்பாவின் உத்தரவுக்கு முன்பே தரகர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்ததை அவரும் செட்டியார்பட்டிக்காரர்கள் மாதிரியேதான் புரிந்துகொண்டிருக்கிறார். அவர்கள் அதனால் ஓடினார்கள். இவர் அதனாலேயே வந்திருக்கிறார். அந்த வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு நம் கஷ்டம் தெரியும், முகம் சுளிக்க மாட்டார்கள் என்று நம்பி வந்திருக்கிறார். எங்களுடைய ஆரோக்கியம் அவரை அப்படி ஏமாற்றிவிட்டது.

ஆனாலும் அவர் ஒளிக்கவில்லை. காப்பியைக் கொடுத்த கையோடு அப்பாவிடமும் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னார். பதினெட்டு வயதில் வந்தது, யாரையும் அடிக்க மாட்டான், எடுத்து வைத்துக் கொடுத்தால் சாப்பிடுவான், உங்கள் பெண்ணுக்கு அவனால் ஒரு தொந்தரவும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார், தலையைக் குனியவில்லை. அப்பா காப்பியை முழுசாகக் குடித்தார், பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகிறோம் என்று எழுந்தார். கோயிலுக்குப் போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுதான்.

பஸ்ஸில் அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். நம்மை ஊர் என்னவெல்லாம் சொல்லிற்று, அப்போது நமக்கு வலித்ததே என்றேன். அக்காவுக்குப் பிடித்திருக்கிறது, அவளை ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

மறுநாள் தரகர் வந்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த உத்தரவு போட்டதிலிருந்து என் படிப்பின் பெயரை வீட்டுக்குள்கூடச் சொல்லாத அப்பா, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "எங்க சின்னவ இதைத்தான் மதுரையில காலேஜ்ல படிக்கா. இது வம்சத்துக்கே வரும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்காம். அவளே வேண்டாம்னு சொல்லிட்டா. போய் அப்படியே சொல்லிருங்க."

நான் வெளியே வந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். தரகர் இருக்கும்போதே சொன்னேன். அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. சொல்லாவிட்டால் என்ன, இதற்குக்கூட உதவாவிட்டால் உன்னைப் படிக்க அனுப்பியது எதற்கு என்று கேட்டார். எனக்கு அவரை அன்றைக்குப் பிடிக்கவே இல்லை. தரகர் பையை எடுத்துக்கொண்டு போனார். சைக்காலஜி சொன்னதாகவே போய்ச் சொன்னார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அக்கா உள் அறையில் நிச்சயத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் கதவோரம் நின்றேன். அவள் நிமிராமலே கேட்டாள்.

"ஏட்டி, நெசமாவே உங்க புஸ்தகத்துல அப்படிப் போட்டிருக்கா?"

"தெரியாதுக்கா. அந்தப் பாடம் மூணாம் வருசந்தான் வருது."

அக்கா சேலையைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"அதுக்குள்ள அப்பா பாஸாயிட்டாரு" என்றாள்.