மிளகுக் களத்தில் ஒரு தட்டு

“ஆகாசத்துல இருந்து வேலை கொட்டுமாக்கும்? ஏலே, அண்டாவத் தூக்கிட்டு வாங்கடா, பிடிச்சுக்குவோம்!”

வீட்டில் இன்டர்நெட்டுக்குச் சாட்டிலைட் தட்டு வைக்கப்போகிறேன் என்றதும் பெரியப்பா சொன்னது இது. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரியும் முடித்திருந்தேன்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் செய்து அனுப்பும் வேலை. மதுரைக் கம்பெனி தருவதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமைக்குள் வீட்டில் இன்டர்நெட் இல்லையென்றால் வேலை வேறொருவருக்கு. மதுரையில் தங்க அப்பா அனுப்பமாட்டார்.

மேகமலைச் சரிவில் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டுக்குப் போன் கம்பி வரவில்லை. அல்லிநகரத்துக் கடையில் டேட்டா கார்டைக் காட்டி, “எங்கன வேணாலும் சிக்னல் எடுக்கும்” என்றார்கள். போட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்து இரவல் வாங்கி வந்தேன். வாசலிலும் எடுக்கவில்லை, கூரைமேல் ஏறியும் எடுக்கவில்லை. மிச்சமிருந்தது வானம்தான்.

சனிக்கிழமை காலை தேனியிலிருந்து தட்டோடு ஜீப்பில் வந்த ஏஜென்ட், “பேங்குக்கு வச்சிருக்கேன், எஸ்டேட் ஆபீசுக்கு வச்சிருக்கேன். வீட்டுக்குன்னு கேட்டது நீங்கதான் மேடம்” என்றார். பிறகு அண்ணாந்து பார்த்தார். வீட்டுக்கு மேலே பலாமரம் கவிந்திருந்தது. “தட்டுக்கு மேல வானம் தெரியணும். இந்தக் கொப்பை மட்டும் வெட்டிருங்க.”

அப்பாவின் முகம் மாறியது. “மாசி வெயில்ல நெழலக் கழிச்சா அடியில நிக்கிற ஏலம் பூராம் கருகிரும். வைகாசில மழைக்கு முன்னாடிதான் கழிக்கணும்.”

அவர் சொன்னது சரி. அந்த ஏலத்தை விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தார். எங்கள் பக்கத்தில் மரமில்லாத இடம் ஒன்றுதான், வீட்டுக்குக் கம்பி இழுக்கும் தூரத்தில் மேட்டிலிருந்த மிளகுக் களம். அது பெரியப்பாவுடையது.

“நீயே போய்க் கேளு ஆத்தா” என்றார் அப்பா.

போனேன். களம் முழுக்க மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிண்டிக்கொண்டிருந்த பெரியப்பா நிமிரவில்லை.

“என்ன, அண்டா வேணுமா?”

“களத்துல இடம் வேணும் பெரியப்பா. தட்டு வைக்க.”

“அது நெழலு மொளகுல விழுகுமே?”

“இப்ப வெயிலு தெக்க சாஞ்சிருக்கு, வடக்கோரத்துல வச்சா நெழலு சரிவுல விழுகும். களத்துல விழாது.”

“மழ பேஞ்சா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. “பெருமழைன்னா இன்டர்நெட் நின்னுபோகும். விட்டதும் வரும்.”

பெரியப்பா முதல்முறையாக என்னைப் பார்த்தார். “விக்க வந்தவரு இதச் சொன்னாரா?”

“நாந்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“சரி. மொளகு காயட்டும். வர்ற வெள்ளிக்கிழம அள்ளிருவோம். பெறகு வச்சுக்க.”

வெள்ளிக்கிழமை வரை வேலை காத்திருக்காது. கீழே ஜீப்பில் ஏஜென்ட் ஹாரன் அடித்தார்.

“வடக்கோரத்து மொளகத் தெக்க தள்ளிர்றேன். கனமாக் கெடந்தா பூசணம் பிடிக்கும், தெரியும். காயுற வரைக்கும் நானே வந்து கிண்டிவிடுறேன்.”

“காலேஜுல இதையும் சொல்லிக்குடுத்தாகளாக்கும்?”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. அதற்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மிளகு தள்ளும் பலகையோடு வடக்கோரத்தில் இறங்கியிருந்தேன்.