சாயம் போகும் பாரிஸ்

சிராங்கூன் ரோட்டில் ஒரு மரைக்காயர் கடை. மனைவிக்கு வாங்கிப்போக, பாரிஸ் முத்திரை குத்திய இரண்டு சிவப்புத் தோல் கைப்பைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்றுதான் அசலாம், மற்றது பின்சந்தில் ஒரு சீனர் தைத்ததாம்.

"அசல் எதுன்னு நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்கிறார் மரைக்காயர்.

எனக்கா தெரியாது! விரலில் எச்சில் தொட்டு இரண்டையும் தேய்க்கிறேன். ஒரு பையின் சாயம் விரலில் ஒட்டுகிறது.

"இதுதான் போலி."

"அதுதாங்க பாரிஸ் சரக்கு" என்று அவர் சிரிக்கிறார். "சீனர் பையில சாயம் போனா, அவர் வாசல்ல போய் நின்னு சத்தம் போடுவாங்க. பாரிஸுக்கு யாரு போவா?"

சிவந்த விரலை மடக்கிக்கொண்டு பாரிஸ் பையையே வாங்குகிறேன். ஊரில் என் மனைவி அதை நனைத்தா பார்க்கப் போகிறாள்? பக்கத்து வீட்டாருக்கு முத்திரையைத்தானே காட்டப் போகிறாள்.