பச்சை மையும் பதினொரு நகல்களும்

2019 ஜூலை 4, வியாழக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். பதினான்கு டிகிரி, தூறல். ஜெர்மனியில் எல்பே நதிக்கரையிலுள்ள ஒரு சிறு நகரத்தில், என் மகள் பூங்கொடியின் வீட்டுத் தபால் பெட்டியில் கடிதம் ஒன்று விழுந்தது. மன்னார்குடியில் இருக்கும் என் மகன் செழியனின் மகள் ஓவியா, உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலைப் படிப்புக்கு இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். கடிதம் அங்கிருந்துதான். எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்கள் அன்றைய கணக்குப்படி முந்நூற்றுப் பத்து. அவற்றை வைத்து நடுப்பகுதியைப் படிக்க முடியவில்லை. கடைசி வரி மட்டும் புரிந்தது: 'மிட் ஃப்ராய்ன்ட்லிஷன் க்ரூஸன்'. நட்பான வாழ்த்துகளுடன். வாழ்த்தே சொல்லிவிட்டார்கள், இடம் கிடைத்துவிட்டது என்று மன்னார்குடிக்குப் போன் செய்தேன். செழியன் அரைக் கிலோ லட்டு வாங்கித் தெருவுக்குக் கொடுத்துவிட்டான். 240 ரூபாய்.

மாலை வேலையிலிருந்து வந்த பூங்கொடி கடிதத்தை நின்றபடியே படித்தாள்.

"அப்பா, இது வாழ்த்து இல்லப்பா. இங்க கரண்ட் பில்லு கட்டலன்னா வர்ற நோட்டீஸ்ல கூட இப்படித்தான் முடிப்பாங்க."

"அப்ப நடுவுல என்ன எழுதியிருக்கு?"

"சான்றிதழ் நகல் பதினொண்ணும் செல்லாதாம். ஏதோ ஒரு தனிநபர் எல்லாப் பக்கத்துலயும் பச்சை மையில கிறுக்கியிருக்காராம். முறையாச் சான்றொப்பம் வாங்கின நகல் பதினஞ்சாம் தேதிக்குள்ள வந்து சேரலன்னா விண்ணப்பம் தள்ளுபடி." பிறகு என்னைப் பார்த்தாள். "யாருப்பா அந்தத் தனிநபர்?"

நான்தான்.

பிள்ளைகளை இங்கே அனுப்ப நினைக்கும் ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இந்தப் படிப்புக்கு இளங்கலையில் அதே துறை அல்லது நெருங்கிய துறை வேண்டும். எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், அதில் ஆய்வகம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஆய்வக மணிகள் குறைந்தால் மற்றதை அவர்கள் பார்ப்பதே இல்லை. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் வேண்டும். ஏன் இந்தப் படிப்பு என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். நம் மதிப்பெண்ணை இவர்களுடைய அளவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஓவியாவின் பத்துக்கு 8.4 இங்கே 1.9 ஆனது. அதைக் கேட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இங்கே ஒன்றுதான் உச்சம், எண் ஏற ஏற மோசம் என்று பூங்கொடி சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது. கல்விக் கட்டணம் இந்தப் பல்கலைக்கழகத்தில் கிடையாது. இதை நான் நான்கு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வேற்று நாட்டுப் பெண்ணுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்க இவர்களுக்கு என்ன தலையெழுத்து என்று இன்றும் விளங்கவில்லை. ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் 8,640 யூரோவை முன்கூட்டியே இங்குள்ள வங்கியில் போட வேண்டும். மொத்தமாக எடுக்க விடமாட்டார்கள். மாதம் 720 யூரோ என்று முறை வைத்துத் திறந்துவிடுவார்கள். கடைமடையில் முறைப்பாசனம் பார்த்த எனக்கு இது மட்டும் உடனே புரிந்தது. என் ஓய்வூதியப் பணிக்கொடை அப்படியே அங்கே போய்த் தேங்கியது.

இனி அந்தப் பச்சை மை. முப்பத்தைந்து வருடம் அரசில் வேலை பார்த்தவன் நான். வேளாண்மை அலுவலராக ஓய்வு பெற்றேன். அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் என்பதால் பச்சை மையில் கையெழுத்துப் போடும் உரிமை உண்டு. மே, ஜூன் வந்தால் விதை நெல் வாங்க வருபவர்களைவிட, நகலில் கையெழுத்து வாங்க வரும் பிள்ளைகள்தான் அலுவலக வாசலில் அதிகம். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை, ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. கடைசி நாள் வரை போட்டவை 41,612. எண்ணிக்கை என் டைரிகளில் இருக்கிறது. ஓய்வு பெற்றவன் சான்றொப்பம் இடக் கூடாது, அதிலும் சொந்தப் பேத்திக்கு இடவே கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஜூன் முதல் வாரம் ஊரிலிருந்து திரும்பும்போது ஓவியா நகல்களை நீட்டினாள். பழைய முத்திரையையும் பச்சைப் பேனாவையும் எடுத்தேன். 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று பதினொரு முறை எழுதினேன். 41,623. உண்மையைச் சொன்னால், என் கையெழுத்து ஜெர்மனியில் ஒரு மேசைமேல் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அந்தப் பேனாவின் மேல் எனக்கு இருந்த பிடிப்புக்குக் காரணம் உண்டு. 1970இல் நான் பள்ளி இறுதி வகுப்பு முடித்தேன். மன்னார்குடிக்குத் தெற்கே எட்டு மைலில் எங்கள் ஊர். அப்பா கோவிந்தன் மிராசுதாரிடம் பண்ணை வேலை. ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சம்பளம் கிடையாது, விடுதியும் உதவித்தொகையும் உண்டு என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். காகிதம்தான் வேண்டும். அதிலும் முதல் காகிதம் இருப்பிடச் சான்று, கிராம முன்சீப்பிடமிருந்து. முன்சீப் மிராசுதாரின் மைத்துனர். அந்த வருடம் அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு வயலில் இறங்காமல் நின்றது. முன்னால் நின்றவர்களில் அப்பாவும் ஒருவர். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, வயல்வரப்பில் போலீஸ் நின்றது. முன்சீப் வீட்டு வாசலில் நானும் அப்பாவும் நின்றபோது அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"டேய் கோவிந்தா, நாளைக்கு அரிவாளோட வயலுக்கு வா. உன் மவன் மறுநாள் கையெழுத்துக்கு வரட்டும்."

திரும்பும் வழியில் அப்பா வரப்பில் நின்றார். பிறகு, "நான் ஒருத்தன் எறங்கிட்டா தெருவே பழைய கூலிக்கு எறங்கணும்டா. உன் படிப்பு எம்புட்டுப் பெருசு, அந்த அரைப்படி எம்புட்டுப் பெருசுன்னு எனக்கு நிறுக்கத் தெரியல" என்றார். அவர் இறங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மன்னார்குடி கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரும் பச்சை மைக்காரர் என்று யாரோ சொன்னார்கள். அப்போது ஜெராக்ஸ் இல்லை. டைப் அடிக்கக் காசும் இல்லை. எல்லாச் சான்றிதழையும் கையால் பார்த்து எழுதிக்கொண்டு போனேன். இருப்பிடச் சான்று கிடைக்காத கதையைச் சொன்னேன்.

"உன்னைத் தெரியும்னு நான் எழுதிக் கொடுத்தா கல்லூரியில எடுத்துக்குவாங்க. ஆனா உன்னை எனக்குத் தெரியாதே தம்பி."

"தை மாசம் மாடு ஓட்டிக்கிட்டு வந்தேன் சார். பண்ணை மாடு. எடக்கொம்பு ஒடிஞ்சு சீழ் பிடிச்சிருந்திச்சு."

"அட, அந்த மயிலைக்காளையா! எட்டு மைல் நடத்திக் கொண்டாந்த பய நீதானா? மாட்டைத் தெரியும். அப்ப உன்னையும் தெரியும், எழுதிடலாம்."

எழுதினார். பிறகு நகல்களை எடுத்து, அசல் ஒரு கையில் நகல் ஒரு கையில் என்று வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். வெளியே நாலு மாடும் ஏழெட்டு ஆடும் காத்திருந்தன. கணக்குப் பாட வரியில் விரல் நின்றது.

"அசல்ல அறுபத்தேழு. நீ எழுபத்தாறு எழுதியிருக்க. அவசரமா, ஆசையா?"

"அவசரம் சார்."

அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. வெள்ளைத் தாள் ஒன்று கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார். பதினான்கு கையெழுத்து, காசு வாங்கவில்லை. எனக்கு ஆனது பேருந்துக்கு நாற்பது பைசா, திரும்பும்போது நடந்துவிட்டேன். அந்த எழுபத்தாறு ஆசைதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே வருகிறேன். நகராட்சி அலுவலகத்தில், அசலைக் கொண்டுபோனால் சான்றொப்பம் தருவார்கள் என்று பூங்கொடி விசாரித்துச் சொன்னாள். அசல் மன்னார்குடியில். கூரியர் 3,480 ரூபாய். ஓவியா அசல்களோடு, ஜூனில் அதே ஜெராக்ஸ் கடையில் எடுத்த நகல்களில் மிச்சமிருந்த ஒரு தொகுப்பையும் வைத்து அனுப்பினாள். "தாத்தா, இதுல நீங்க எதுவும் எழுதிடாதீங்க, சரியா?" என்று போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், குரல் மட்டும் உடைந்திருந்தது. மேட்டூர் அணை ஜூன் பன்னிரண்டு தாண்டியும் திறக்கவில்லை, குறுவை இல்லை, ஆற்றில் மணல்தான் என்று செழியன் சொன்னான். அவன் தண்ணீருக்குக் காத்திருந்த அந்த நாட்களில் நான் பொட்டலம் எந்த ஊரில் நிற்கிறது என்று ஒரு நாளைக்கு இருபது முறை கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை வந்து சேர்ந்தது.

11ஆம் தேதி, வியாழன், காலை எட்டு மணி. டோக்கன் எண் 37. மேசைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. என் கடவுச்சீட்டைப் பார்த்து, "ஹெர் கோவிந்தன்" என்று எழுந்து கை கொடுத்தார். ஹெர் என்றால் திரு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்தக் கட்டத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது. 'டேய்' இல்லாமல் அந்தப் பெயரை ஓர் அரசு அலுவலகம் கூப்பிட்டு நான் கேட்டது இந்த நாட்டில்தான். இன்னும் பழகவில்லை.

எது தள்ளுபடியானது என்று காட்டுவதற்காக, பல்கலைக்கழகம் தனித் தபாலில் திருப்பி அனுப்பியிருந்த பச்சைக் கையெழுத்து நகல்களில் ஒன்றையும் நீட்டினேன். அவர் புருவம் உயர்ந்தது. "க்ரூன்? மினிஸ்டர்?" என்றார். பச்சையா, அமைச்சரா என்று. இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லி, என் துறையைச் சொல்ல நினைத்து, "லாண்ட்விர்ட்ஷாஃப்ட்" என்றேன். விவசாயம். அவர் அடுத்த மேசைக்காரரை அழைத்தார். அவரும் எழுந்து வந்து கை கொடுத்தார். இருவரும் ரொம்ப மரியாதையாக நின்றார்கள். காப்பி வேண்டுமா என்றார்கள். இந்நாட்டு அமைச்சகங்களில் அமைச்சர் மட்டும்தான் பச்சையில் எழுதுவார் என்பதும், நான் இந்தியாவின் முன்னாள் வேளாண் அமைச்சராக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பதும் மாலையில் பூங்கொடி சொல்லித்தான் தெரிந்தது. காப்பி வேண்டாம் என்றதற்கு இன்றும் வருந்துகிறேன்.

அமைச்சர் என்பதற்காக அந்தப் பெண்மணி வேலையில் எதையும் குறைக்கவில்லை. அசலை ஒரு கையிலும் நகலை ஒரு கையிலும் எடுத்தார். வரி வரியாக விரல் வைத்தார். அந்த விரலை எனக்குத் தெரியும். ஐந்து தாள் போயிற்று. ஆறாம் பருவத் தாளின் அசலைத் திருப்பினார். பின்பக்கமும் அச்சு இருந்தது. ஆய்வகப் பாடங்கள் நான்கும் அங்கேதான் இருந்தன. நகலில் பின்பக்கம் வெறுமை. கடைக்காரர் ஒரு பக்கம் மட்டும் எடுத்திருக்கிறார். பெண்மணி எழுந்துபோய், தன் இயந்திரத்தில் இரண்டு பக்கமும் எடுத்துவந்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து என் பச்சைக் கையெழுத்து நகல்களைப் பார்த்தேன். அதே ஆறாம் தாள், அதே வெறும் பின்பக்கம், முன்பக்கத்தில் 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது'. என் கையெழுத்தை இவர்கள் ஏற்றிருந்தால் ஓவியா ஆய்வக மணி குறைந்து வெளியே போயிருப்பாள், காரணம் யாருக்கும் தெரிந்திருக்காது. டைரியில் 41,623 வரை எண்ணிய நான், எத்தனை அசல்களைத் திருப்பிப் பார்த்தேன் என்று எண்ணவில்லை. முதல் சில வருடங்கள் பார்த்தேன். பிறகு கூட்டம் பெருகியது. இரக்கமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேகமாகப் போட்டேன்.

ஒரு முத்திரைக்கு நான்கு யூரோ, பதினொன்றுக்கு 44. தபாலை நம்பாமல் மறுநாள் நானே ரயிலில் போய்ப் பல்கலைக்கழக ஜன்னலில் கொடுத்து ரசீது வாங்கினேன். போக வர 38.60. ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, கடிதம் வந்தது. இந்த முறை யாருக்கும் போன் செய்யாமல் பூங்கொடிக்காகக் காத்திருந்தேன். அவள் படித்துவிட்டு, "இதுவும் அதே வாழ்த்துதான்பா. ஆனா நடுவுலயும் நல்ல சேதிதான்" என்றாள். ஓவியாவிடம் அமைச்சர் கதையையும் ஆறாம் தாள் விஷயத்தையும் சொன்னேன். "சரி விடுங்க தாத்தா, மினிஸ்டரே மன்னிப்புக் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள்.

சேர்க்கை முடிந்ததும் முத்திரை நகல்களையும் திருப்பித் தந்துவிட்டார்கள். இரண்டு தொகுப்பையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். பச்சைக் கையெழுத்தை இங்கே ஒரு கதவும் ஏற்காது. கழுகுப் படம் போட்ட நீல முத்திரையை மன்னார்குடியில் ஒரு மேசையும் ஏற்காது. அங்கே செல்லாதது பதினொன்று, இங்கே செல்லாதது பதினொன்று. இரண்டிலும் இருப்பது ஓவியாவின் பெயர்தான். அந்த உறைமேல்தான் கணக்கை எழுதியிருக்கிறேன். விண்ணப்பக் கட்டணம் 75 யூரோ, முத்திரை 44, ரயில் 38.60, விசா 75, ஒவ்வொரு பருவத்துக்கும் மாணவர் கட்டும் பங்களிப்பு 262.40; சேர்ந்து 495 யூரோ, அன்றைய விலையில் 38,115 ரூபாய். ஆங்கிலத் தேர்வு 14,000, கூரியர் 3,480, விமானம் 31,200, லட்டு 240. வங்கியில் தேங்கியிருப்பது அவள் சோறு, அதைச் செலவில் சேர்க்கவில்லை. கால்நடை டாக்டரின் பதினான்கு கையெழுத்தை இங்குள்ள விலைக்குப் போட்டால் 56 யூரோ ஆகிறது. யாருக்குக் கட்டுவது என்று தெரியாததால் அதையும் சேர்க்கவில்லை. மொத்தம் 87,035 ரூபாய்.